வலது என்று சொல்லி இடது கையைத் தூக்கு, மகனே

என் அன்பு மகனே,

'மகனே' என்றதும் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து சண்டைக்கு வராதே. எனக்கும் கணக்குத் தெரியும். உனக்கு வயது இருபத்தேழு, எனக்குப் பதினாறு, நீ என் அண்ணன். ஆனாலும் இந்தக் கடிதத்தைப் பொறுத்தவரை நான்தான் உன் தகப்பன். எப்படி என்று கேள். இன்று காலை சர்ச்சிலிருந்து வந்ததும் அப்பா உனக்குக் கடிதம் எழுதப்போவதாக அறிவித்துவிட்டு, பேனாவும் கையுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். 'அன்பு மகன் ஜோயலுக்கு' என்று எழுதினார். அதன் கீழே ஒரு கோடு போட்டார். கோட்டின் இரண்டு முனையிலும் சுருள் வைத்தார். நான் டீ கொண்டுவந்தபோது அந்தத் தாளில் முழு கேட் ஒன்று தயாராகி நின்றது. மேலே வேல் முனை, நடுவில் மயில், ஓரத்தில் தாழ்ப்பாள். வருஷக்கணக்காகத் திருமுடிவாக்கத்தில் கேட்டும் கிரில்லும் வெல்டிங் செய்கிற மனுஷனிடம் பேனாவைக் கொடுத்தால் வேறென்ன வரும்? கடைசியில் தாளை என் பக்கம் தள்ளி, "நீயே எழுதிடும்மா, என் பேர்ல" என்றார். "என்னப்பா எழுதணும்?" "போடான்னு எழுது." "அவ்ளோதானா?" "அதையே கொஞ்சம் நீட்டி, அப்பா எழுதுற மாதிரி எழுது." ஆகவே, தலைமை ஆசிரியர் இல்லாத பள்ளிக்குப் பொறுப்புத் தலைமை ஆசிரியர் போடுவதுபோல, நான் இன்றைக்கு உனக்குப் பொறுப்பு அப்பா. பொறுப்பில்லாத பிள்ளைக்குப் பொறுப்பு அப்பா, சரியாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்ததும் இதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டப்போகிறேன். தண்ணீர் குடிக்க வருகிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை, உன் மூஞ்சியைத் தவிர.

அந்த ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இன்னொரு தாள் மாட்டியிருக்கிறது, உன் வேலை ஆர்டர். கோவளம் தாண்டி, கடலோரக் குப்பத்தில், உன்னையும் சேர்த்து இரண்டே டீச்சர்கள் உள்ள தொடக்கப் பள்ளியில் நீ சேர வேண்டும். சேர்வதற்குக் கடைசி நாள் நாளை. நீ டீச்சர் ட்ரெய்னிங் முடித்து, பரீட்சை எழுதிப் பாஸாகி, வேலை வரும் வரும் என்று காத்திருந்து, வராது என்று முடிவு கட்டி, கம்ப்யூட்டர் டிகிரி வாங்கி, கேளம்பாக்கம் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்கும் போய், எல்லாம் மறந்தபிறகு வந்த ஆர்டர். வந்த அன்று அம்மா அழுதார், அப்பா தெருவுக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தார், நீகூடச் சிரித்தாய். ஆனால் நேற்றுச் சாயங்காலம் தோசைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நான் போகல. கம்பெனியிலேயே இருந்துடறேன். ஒண்ணாங்கிளாஸ்ல என்ன இருக்கு? அ, ஆ, ஒண்ணு, ரெண்டு. இதுக்கா இவ்வளவு படிச்சேன்?" என்றாய். அப்புறம் அறைக்குள் போனவன்தான். சர்ச்சுக்கும் வரவில்லை. ஒண்ணாம் வகுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டாய் அல்லவா? நேற்றுக் காலை உன் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்து, என் சொந்தக் கண்ணால் பார்த்தவள் நான். சொல்கிறேன், உட்கார்ந்து கேள், படுத்துக்கொண்டே கேட்டாலும் சரி.

மழை லீவுக்கு ஈடாக நேற்று அந்தப் பள்ளி சனிக்கிழமையும் நடந்தது. "சேர்றதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க சார்" என்று அங்கிருக்கிற எச்.எம். டீச்சர் போனில் கூப்பிட்டார். எனக்கு லீவு. கடல் பார்க்கலாம் என்று நானும் தொற்றிக்கொண்டேன். வண்டலூர் தாண்டியதிலிருந்து நீ ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பிரசங்கம்: "நாலாவது, அஞ்சாவது குடுத்தா ஓகே. பின்னம், தசமம், சிந்து சமவெளின்னு ஏதாவது விஷயம் இருக்கும். ஒண்ணு ரெண்டெல்லாம் பேபி சிட்டிங்." பள்ளியின் சுற்றுச்சுவரில் வலை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு அறைகள். ஒன்றில் நாலும் அஞ்சும், இன்னொன்றில் ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த இரண்டாவது அறைக்கு டீச்சர் இல்லை, அதற்குத்தான் உன்னைப் போட்டிருக்கிறார்கள். அதுவரை எச்.எம். டீச்சரே இந்த அறைக்கும் அந்த அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும், "வாங்க சார், சேர் இல்ல, கீழதான்" என்றார். நீ கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தாய். நான் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ எத்தினி வருசம் ஃபெயிலு?" என்று கேட்டான். எனக்கு அந்தப் பள்ளியை அப்போதே பிடித்துவிட்டது.

பிளஸ் ஒன் படிக்கிற திமிரில் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்த்த பாடத்திட்டம் எங்கள் பாடத்திட்டத்தைவிடக் கஷ்டம். கணக்கு என்றார்கள். நான் கூட்டல் என்று நினைத்தேன். டீச்சர் ஒல்லியான உயர பாட்டில் ஒன்றும் குண்டான குட்டைப் பாட்டில் ஒன்றும் வைத்து, எதில் நிறையத் தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டார். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உயரக் கட்சி கத்தியது, குண்டுக் கட்சி கத்தியது. டீச்சர் பதில் சொல்லவே இல்லை. பக்கெட்டை நகர்த்தி, "ஊத்திப் பாருங்க" என்றார். ஊற்றினார்கள், சிந்தினார்கள், ஒருத்தன் குடித்தான், மறுபடி ஊற்றினார்கள். கண்ணால் பார்த்ததை நம்பாதே, அளந்து பார் என்பதை அந்தக் குட்டிகள் ஈர டவுசரோடு கண்டுபிடித்தார்கள். எங்கள் பிசிக்ஸ் சார் அதையே வருஷம் முழுக்கச் சொல்கிறார், ஒரு பக்கெட்கூட வைக்காமல்.

அடுத்தது சூழ்நிலையியல். ஒவ்வொருவராகக் கண்ணை மூடச் சொல்லி, மூக்குக்குப் பக்கத்தில் ஏதாவது ஒன்றைக் காட்டினார். காப்பித்தூள், வெங்காயம், எலுமிச்சம்பழம். தர்ஷன் என்கிற பையன் (என்னை ஃபெயிலா என்று கேட்டானே, அவனேதான்) நறுக்கின எலுமிச்சையை மோந்துவிட்டு, "மீன் வறுவலு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. "ஆமாம்ல! மீன் வறுவல் மேல என்ன புழிவாங்க?" என்றார். தர்ஷன் கண்ணை மூடியபடியே இன்னொரு தடவை மோந்தான். "எலும்ச்ச... டீச்சர், இது எலும்ச்ச!" அவன் முகத்தைப் பார்த்தாயா? தப்பான பதிலின் வாலைப் பிடித்துக்கொண்டே போய்ச் சரியான பதிலின் வாசலில் அவனை இறக்கிவிட்டார். எங்கள் ஸ்கூலாக இருந்தால் 'தவறு' என்று போட்டு அரை மார்க் குறைத்திருப்பார்கள்.

மூணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதே அறையின் மூலையில் திசைகள். கிழக்கு எது என்றதும் எல்லாக் கையும் கடல் பக்கம் நீண்டது. "சரி, இந்த அக்கா தாம்பரம் பக்கத்துலேர்ந்து வந்திருக்காங்க. அவங்க ஊர்ல கடல் கிடையாது. அவங்க எப்படிக் கிழக்கைக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டார் டீச்சர். ஒரு பெண் எழுந்து, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "பஸ்ஸு புடிச்சி இங்க வரணும்" என்றாள். நான் சிரித்துச் சிரித்து விக்கிப்போனேன். அப்புறம்தான் சூரியன் வந்தது, நிழல் வந்தது, வெளியே போய் நின்று நிழல் விழுகிற பக்கத்தைப் பார்த்தார்கள். மகனே, இதில் எதுவும் அ, ஆ, ஒண்ணு, ரெண்டு இல்லை. அ, ஆவும் இருந்தது, மறுக்கவில்லை. தட்டில் மணலைப் பரப்பி விரலால் 'க' எழுதினார்கள். ஒருத்தி எழுதிய 'க' அப்பா போடுகிற சுருள் மாதிரி சுற்றிக்கொண்டே போனது. "எங்க நிறுத்தணும்னு கைக்குச் சொல்லு" என்று டீச்சர் அவள் காதில் சொன்னார். எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்குச் சொல்வது! நம் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் பைக் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பாடம் இன்னும் நடக்கவில்லை.

இனி நீ மறக்க நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். தலையணையால் காதை மூடாதே, இது கடிதம், காதை மூடினால் நிற்காது. பக்கத்து அறையில் அஞ்சாம் வகுப்பு சத்தம் போட்டது. டீச்சர் எழுந்து, "சார், பெரிய புள்ளைங்களுக்கு வகுத்தல் போட்டுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இவங்களுக்கு வலது இடது மட்டும் சொல்லிக்கொடுங்க. சும்மா கை தூக்கற விளையாட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ எழுந்தாய். சட்டையை இழுத்துவிட்டாய். பிள்ளைகளுக்கு நேர் எதிரே, கம்பெனி மீட்டிங்கில் நிற்பதுபோல நின்றாய். "எல்லாரும் என்னைப் பாருங்க. இது என் வலது கை" என்று உன் வலது கையைத் தூக்கினாய். எல்லாரும் உன்னைப் பார்த்து அதே பக்கத்துக் கையைத் தூக்கினார்கள். எதிரே நிற்பவர்களுக்கு அது இடது கை. ஒரு முழு வகுப்பும் அழகாக, ஒழுங்காக, தப்பான கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இல்ல இல்ல, அது இடது" என்றாய். பிள்ளைகள் உடனே கையை மாற்றினார்கள். நீயும் விளக்குவதற்காக அந்த நேரம் பார்த்து உன் இடது கையைத் தூக்கிக் காட்டி, "இதுதான் இடது" என்றாய். அவர்கள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், இப்போது அவர்கள் வலது கையைத் தூக்கிக்கொண்டு 'இடது' என்று கத்தினார்கள். "அய்யோ, அது வலது!" மறுபடி மாற்றினார்கள். ஒருத்தி எதற்கு வம்பு என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். தர்ஷன் எழுந்து இடுப்பில் கை வைத்து, "இன்னா சார், மாத்தி மாத்தி சொல்லிகினுகீறீங்க? நீங்கதான அந்தக் கைய தூக்கினீங்க!" என்றான். வகுப்பு சிரித்தது. அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து அஞ்சாம் வகுப்பும் வாசலில் வந்து நின்று சிரித்தது. உன் காது இரண்டும் சிவந்தன, வலதும் இடதும் ஒரே மாதிரி. பாடம் நடத்தப் போன இடத்தில் உனக்குப் பாடம் நடந்தது.

அப்போதுதான் எச்.எம். டீச்சர் வந்தார். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன் பக்கத்தில், பிள்ளைகளுக்கு எதிரே நின்றார். "வலது கை!" என்று குரல் கொடுத்து, தன் இடது கையைத் தூக்கினார். ஒரே வீச்சில் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் வலது கையைத் தூக்கினார்கள். "இடது கால்!" என்று சொல்லித் தன் வலது காலை ஆட்டினார். அத்தனை இடது காலும் ஆடின. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு நொடி யோசனை இல்லை, தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்துகொண்டே வலது இடது பாட்டை முழுதும் பாடி முடித்தார். அப்புறம் உன் பக்கம் திரும்பி மெதுவாக, "நாமதான் சார் அவங்களுக்குக் கண்ணாடி. நமக்குச் சரியா இருக்கணும்னு பார்த்தா அவங்களுக்குத் தப்பாப் போயிடும். ரெண்டு நாள்ல கைக்குப் பழகிடும்" என்றார். குத்தலே இல்லாமல், டீ குடிக்கிறீர்களா என்று கேட்பதுபோலச் சொன்னார். பத்தாம் வகுப்பில் ஆடியில் இடவல மாற்றம் என்று நான் படம் போட்டுப் பாகம் குறித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அது ஒரு மனுஷர் உடம்பில் நடந்து பார்த்தது நேற்றுதான்.

திரும்பி வரும்போது நீ பிரசங்கம் பண்ணவில்லை. கேளம்பாக்கம் சிக்னலில் மட்டும், "தப்பாச் செஞ்சு காட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை, நீ கவனித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் நீ தோசையை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாயே, அதற்கப்புறம் ஹாலில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் நடந்ததை எல்லாம் நடித்துக் காட்டினேன். அப்பா, "இது என்ன பெரிய வித்தை? நில்லுங்க ரெண்டு பேரும்" என்று எங்களுக்கு எதிரே நின்றார். "வலது!" என்றார், உன்னை மாதிரியே வலது கையைத் தூக்கினார். அம்மா கையில் தோசைக் கரண்டியோடு, "ஏங்க, நீங்க தூக்கினதைத் தூக்கணுமா, சொன்னதைத் தூக்கணுமா?" என்று கேட்டார். "சொன்னதை!" "அப்ப நீங்க எதுக்கு ஆட்டம் போடறீங்க?" அப்பா கையை மாற்றினார். மாற்றியதும் வாயும் சேர்ந்து மாறிவிட்டது. 'இடது' என்று சொல்லி இடது கையைத் தூக்கினார். அடுத்த முறை காலையும் சேர்த்துத் தூக்கி டீவி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஆபீஸ்ல மேனேஜர் தினமும் தப்பாச் செஞ்சு என்னைச் சரியாச் செய்யச் சொல்றார். அவரை வேணா அந்த ஸ்கூலுக்கு அனுப்பலாம்" என்றார். ஆனால் அப்பா விடவில்லை. வியர்த்து, முனகி, கடைசியில் ஒரு முறை சரியாக வந்துவிட்டது. வந்ததும் உட்கார்ந்துவிட்டார், முகமெல்லாம் பல். "அடியே, குரோம்பேட்டை கேட்டு ஞாபகம் இருக்கா?" என்று அம்மாவைக் கேட்டார். வீட்டுக்காரர் உள்ளே நின்று வலது பக்கம் கீல் வையுங்கள் என்றாராம். அப்பா தெருவில் நின்று வலது பக்கம் வைத்தாராம். கேட்டைத் திறந்தால் நேரே மோட்டார் ரூமில் போய் இடித்ததாம். முழுக் கேட்டையும் கழற்றிக் கொண்டுவந்தாராம். "அவரு நின்ன இடத்துல நான் போய் நிக்கல, அவ்ளோதான் தப்பு. அதை அந்த டீச்சரம்மா பாட்டுலயே பண்றாங்க பாரு" என்றார். நீ அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டும் இருப்பாய், நம் வீட்டுக் கதவு அவ்வளவு நல்ல கதவு இல்லை.

அதற்கப்புறம் நான் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். அதை முதலில் கேட்க வேண்டியவன் நீதான். நான் ஷூ லேஸ் கட்டுகிற விதத்தைப் பார்த்து எங்கள் பி.டி. சார் எப்போதும், "யாரும்மா உனக்கு இப்படித் திருப்பிப்போட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்பார். எல்லாரும் இந்தப் பக்கம் சுற்றினால் நான் அந்தப் பக்கம் சுற்றுவேன். நான் இடக்குப் பிடித்தவள், அதனால்தான் என்று நானே நினைத்திருந்தேன். நேற்று அப்பா தடுமாறியதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. நான் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த அன்று, வாசற்படியில், என் எதிரே குந்தி உட்கார்ந்து லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தது நீ! எதிரே! உன் வலது, எனக்கு இடது. உன்னைப் பார்த்து அப்படியே கற்றுக்கொண்டேன். இன்றைக்கு வரை, ஒவ்வொரு காலையும், நான் கண்ணாடிக்குள் இருக்கிற ஜோயலின் முடிச்சைத்தான் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறேன். மகனே, ஒண்ணாம் வகுப்பில் என்ன இருக்கிறது என்றாயே, இதுதான் இருக்கிறது. நீ ஆறாவதில் படித்த எந்த மன்னனும் உனக்கு ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் பென்சிலை எப்படிப் பிடிக்கிறோம், பத்துக்கு மேல் எப்படி எண்ணுகிறோம், ரோட்டைக் கடக்குமுன் முதலில் எந்தப் பக்கம் பார்க்கிறோம், புரியவில்லை என்றால் வாயைத் திறந்து கேட்கிறோமா முழுங்கிவிடுகிறோமா, எல்லாம் அங்கே எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரின் கையிலிருந்து வந்தது. எங்கள் கணக்கு சார் ஒரு மாதமாக 'லிமிட்' என்று ஏதோ நடத்துகிறார், ஒன்றை நெருங்கிக்கொண்டே போகுமாம், ஆனால் தொடாதாம். ஒண்ணாம் வகுப்பில் 'கிட்ட, தூரம்' ஒழுங்காகப் படிக்காதவர்களுக்கு அது புரியவே இல்லை. அஸ்திவாரத்தில் விட்டதை மொட்டைமாடியில் தேட முடியுமா?

அதனால் 'சின்ன வேலை' என்ற பேச்சை என்னிடம் வைத்துக்கொள்ளாதே. உண்மையான அப்பாவாக இருந்தால் இதைச் சொல்லத் தயங்குவார், நான் தற்காலிகம், எனக்குப் பயமில்லை. அந்த வேலை உனக்குச் சின்னது என்பதால் நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. நேற்று அது திடீரென்று பெரிதாகத் தெரிந்துவிட்டது. ட்ரெய்னிங்கின்போது அஞ்சாம் வகுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தப்பித்தவன் நீ, இந்த ஆழம் உனக்குத் தெரியாது. கம்பெனியில் நீ தப்புச் செய்தால் கம்ப்யூட்டர் சிவப்பாக ஒரு வரி காட்டும், அதைத் திருத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். இங்கே நீ தப்புச் செய்தால் ஒரு வகுப்பே அந்தத் தப்பை நம்பிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துப் பயந்தாய். அதைப் பார்த்தும் பயப்படாத ஆள்தான் அந்த அறைக்குள் போகக் கூடாது. நீ போகலாம். சேர்ந்த முதல் வாரம் தினமும் ராத்திரி நம் பாத்ரூம் கண்ணாடி முன்னால் பழகு. நான் எதிரே நிற்கிறேன், வேண்டுமானால் இரண்டு கையையும் தூக்குகிறேன்.

போனால் என்னென்ன நடக்கும் என்பதையும் தொழில் தெரிந்தவளாகச் சொல்லிவைக்கிறேன். ஒருத்தன் 'சார் ஒண்ணுக்கு' என்றால் அவனை விடு. அவன் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தால் அது ஒண்ணுக்கு இல்லை, கூட்டணி. பென்சில் சீவப் போகிறவன் பென்சில் முடிகிற வரை சீவுவான். உன் நாற்காலியில் பசையோ முள்ளோ இருக்காது, அங்கே நாற்காலியே இல்லை, அதனால் என் பழைய வித்தைகளில் பாதி அங்கே செல்லாது. 'சார், இவன் என்னைக் கிள்ளிட்டான்' என்று வருகிறவளைக் கொஞ்சம் உற்றுப் பார், முதலில் கிள்ளியது அவளாக இருக்கும். கதை சொல்லும்போது குரங்கு ஏன் அழுதது என்று கேட்டுவிட்டு, பதிலை நீயே சொல்லித் தொலைத்துவிடாதே. ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள், எல்லாமே உன் காரணத்தைவிட நன்றாக இருக்கும். தர்ஷனை முன்வரிசையில் உட்காரவை. நீ தப்பாகச் சொன்னால் உடனே சொல்லிவிடுவான். உன் கம்பெனியில் அதற்கு டெஸ்டர் என்று தனி ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய்.

கடைசியாக ஒன்று. பள்ளி விட்டு நாம் கிளம்பியபோது நீ பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாய். ஒரு சின்னப் பெண் வந்து உன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் அவளை நான் கவனிக்கவே இல்லை, எங்கே உட்கார்ந்திருந்தாளோ. "சார், நாளைக்கி வருவீங்களா?" என்று கேட்டாள். நீ ஹெல்மெட் மாட்டிக்கொண்டே, "நாளைக்கு லீவு பாப்பா" என்றாய். அவள் கையை விடவில்லை. வெள்ளிக்கிழமைதான் கிழமைகள் பாட்டுப் படித்தார்களாம். அந்தப் பாட்டு அவளுக்கு நடுவிலிருந்து வராது, முதலிலிருந்துதான் வரும். இன்னொரு கையை ஆட்டி ஆட்டி, "ஞாயிறு, திங்கள், செவ்வாய்..." என்று முழுவதும் பாடிச் சனிக்கு வந்தாள். "இன்னிக்கி சனி." மறுபடி சுற்றிக்கொண்டு ஞாயிறுக்குப் போய் ஒரு விரலை மடக்கினாள். "இது லீவு." அடுத்த விரலை மடக்கிவிட்டு, கண்ணெல்லாம் விரிந்து, "திங்கள்! சார், திங்கக்கெழம வருவீங்களா?" என்றாள். நீ ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, "வரேன், வரேன்" என்றாய். அவள் கையை எடுத்தாள். நாம் வந்துவிட்டோம்.

அவசரத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும், பெரியவர்கள் எல்லாரும் வண்டி கிளப்பும்போது அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவளுக்கு அது பேச்சு இல்லை, கணக்கு. முந்தின நாள் படித்த ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிஜமான வேலைக்கு உபயோகித்திருக்கிறாள். இன்றைக்கு ஒரு விரல் மடக்கியாகிவிட்டது. நாளைக் காலை இன்னொரு விரலை மடக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, தான் எண்ணியது சரிதானா என்று பார்ப்பாள். நீ வரவில்லை என்றால், சார் பொய் சொல்லிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றாது, அந்த வயதில் அப்படியெல்லாம் தோன்றுவதில்லை. தன் பாட்டில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் ஞாயிறிலிருந்து எண்ண ஆரம்பிப்பாள்.

காலையில் வந்து எழுப்புகிறேன், அண்ணா.

உன் தங்கை